வில், கூடாரம், பிளாஸ்டிக் கோழி: இது போங்காட்டமா?

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்காரர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் ஒரு சண்டை கட்டாயம் வரும். வில்லோடு போகிற ஒருத்தர் துணிக் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எதிரே இரண்டு பிளாஸ்டிக் கோழிகளை நட்டு வைக்கிறார். வாய்க்குள் ஒரு ரப்பர் துண்டை அடக்கிக்கொண்டு பெட்டை மாதிரியே கூவுகிறார். சேவல் நம்பி வருகிறது. பத்து கஜ தூரத்தில் அம்பு விடுகிறார். இதற்குப் பேர் வேட்டையா, போங்காட்டமா?

நான் வேட்டைக்காரன் இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு கவுதாரியைப் பிடித்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வரி, உரிமம், கோட்டா, யார் காசு கட்டுகிறார், யார் அனுபவிக்கிறார் என்று இந்த வேட்டைக்குப் பின்னால் ஓடுவது பாதிக்கு மேல் எங்கள் பாடம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லாளியிடமிருந்து கூடாரத்தையும் பொம்மையையும் பிடுங்கக் கூடாது. பிடுங்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. சில மாநிலங்கள் அவருக்கு மட்டும் கொடுக்கும் முன்கூட்டிய தேதி. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகும், டீ சொல்லிவிட்டு வாருங்கள்.

(உயிரைக் கொல்வதே பாவம் என்பவர்களுக்கு: உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுகிறவன் என்ற முறையில் அந்த விவாதத்தில் இறங்க எனக்குத் தகுதியும் இல்லை.)

முதலில் பறவை. நம் ஊர்ப் பண்ணையில் மேயும் வான்கோழியை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். அது நடப்பதே பெரிய விஷயம். காட்டு வான்கோழி ராத்திரி மரத்தின் மேல் தூங்கும், விடிந்த பிறகு இறங்கும். வளர்ந்த சேவல் 7 கிலோவிலிருந்து 11 கிலோ வரை இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அவசரம் என்றால் அதைவிட வேகமாகப் பறக்கும். நெஞ்சிலிருந்து தாடி மாதிரி ஒரு முடிக்கற்றை தொங்கும், காலில் முள் இருக்கும். மோப்பம் ரொம்ப மோசம். அதற்கெல்லாம் சேர்த்துக் கடவுள் கண்ணில் கொடுத்துவிட்டார். தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 270 டிகிரி பார்க்கும். நிறம் தெரியும். நீங்கள் மூக்கைச் சொறிந்தால் ஆள் காலி, அதாவது கோழி காலி.

சின்ன இடைச்செருகல். மயிலைப் பார்த்துச் சிறகை விரித்த வான்கோழியை நாம் எல்லோரும் மூதுரையில் படித்திருக்கிறோம். நான் பேசுவது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. அது கடல் தாண்டியதே பதினாறாம் நூற்றாண்டில்தான். ஔவையின் வான்கோழி எந்தக் கோழி என்பதைத் தமிழ் வாத்தியார்கள் பேசி முடிக்கட்டும். எனக்குத் தெரிந்து இந்தச் சேவல் தோகை விரித்தால் மயிலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

வசந்த காலத்தில் சேவல் மரத்தின் மேலிருந்தே கத்த ஆரம்பிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும் சத்தம். அதைக் கேட்டுப் பெட்டைகள் சேவல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்துக்கு நேர் எதிர். இங்கே மாப்பிள்ளை இருந்த இடத்திலேயே இருப்பார், பெண்தான் நடக்க வேண்டும். வேட்டைக்காரர் பெட்டை மாதிரி கூவும்போது அந்த முறையைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். "நீ என்னைத் தேடி வா" என்கிறார். பாதி நாள் சேவல் வராது. அங்கேயே நின்று பதிலுக்குக் கத்தும், பெட்டை ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருக்கும். அப்புறம் நிஜப் பெட்டை ஒன்று குறுக்கே வந்தால் அதன் பின்னால் போய்விடும். வேட்டைக்காரர் சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

இந்தக் கூவல் ஒரு தனி வித்தை. மரப்பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது, மூடியை விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். ஆர்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிலேட்டுத் தட்டில் குச்சியால் உரசுவது இன்னொரு வகை. வான்கோழியின் சிறகு எலும்பையே குழலாக்கி உறிஞ்சி ஊதுவது அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வந்த பழைய வழி. வில்லாளிக்குப் பெட்டியும் சிலேட்டும் கடைசி நிமிடத்தில் உதவாது, இரண்டு கையும் வில்லில் இருக்குமே. அவருக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டயஃப்ரம்தான் தோழன். அதைப் பழகுகிற மாதங்களில் வீட்டில் இருப்பவர்கள் பாடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன் :)

கூவலில் பல தினுசு. தள்ளி இருக்கும்போது ஒன்று, மேயும்போது மெல்ல உறுமுவது ஒன்று, கோபத்தில் வெட்டி வெட்டிக் கத்துவது ஒன்று. "புட்" என்று வறட்சியாக ஒரே ஒரு சத்தம் கேட்டால் அது அபாயக் குரல். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆந்தை மாதிரியோ காக்கை மாதிரியோ திடீரென்று கத்தினால் சேவல் அதிர்ச்சியில் பதிலுக்குக் கத்திவிடும், இடம் தெரிந்துவிடும். இத்தனை வித்தை தெரிந்தவர்களும் சொல்லும் ஒரே அறிவுரை, ரொம்பக் கூவாதே என்பது.

சரி, மேட்டருக்கு வருவோம். துப்பாக்கிக்கும் வில்லுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால்தான் கூடாரம் புரியும்.

துப்பாக்கிக்காரர் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துப்பாக்கியை வைத்து, சேவல் வரும் திசையில் ஏற்கெனவே நீட்டி வைத்திருப்பார். கடைசியில் அசைய வேண்டியது ஒரு விரல். 40 கஜ தூரத்தில் நூற்றுக்கணக்கான ரவைகள் தலையையும் கழுத்தையும் மொத்தமாகப் போய் அடிக்கும். (அங்கே தூரத்தை யார்டில் சொல்வார்கள். பாட்டி புடவைக்குச் சொல்லும் கஜம் அதுதான்.) இப்போது வரும் டங்ஸ்டன் ரவையில் அதைவிடத் தூரத்திலும் விழுந்துவிடும்.

வில்லாளிக்கு 20 கஜமே அதிகம். அது மட்டும் இல்லை. பறவை எதிரில் வந்து நின்ற பிறகு அவர் நாணைப் பின்னால் இழுக்க வேண்டும். தோள், முழங்கை, கை எல்லாம் அசையும். 270 டிகிரி பார்க்கிற கண்ணுக்கு முன்னால், பதினைந்து எட்டு தூரத்தில், ஒரு ஆள் கையை விரித்து நெஞ்சு வரை இழுத்தால் என்ன ஆகும்? கப்பி வைத்த காம்பவுண்ட் வில் வந்த பிறகு இழுத்த நாணைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடிகிறது, உண்மைதான். ஆனால் இழுப்பதை அது மறைத்துவிடாது.

அந்த அசைவை மறைக்கத்தான் கூடாரம். உள்ளே கறுப்புத் துணி, ஆளும் கறுப்புச் சட்டை, பின்பக்க ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும், முன்பக்கம் ஒரு பிளவு மட்டும். வெளிச்சத்திலிருந்து பார்த்தால் வெறும் இருட்டுப் பொந்து. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மான் வேட்டைக்குக் கூடாரம் போட்டால் பல நாள் முன்னாடியே போட்டுப் பழக்க வேண்டும், மான் புதுப் பொருளைப் பார்த்தால் சுற்றிப் போகும். வான்கோழியோ காலையில் நடுவயலில் புதிதாக முளைத்த கூடாரத்தையும் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. விரல் அசைவுக்கு ஓடுகிற பறவை, ஆளுயரப் பெட்டி ஒன்றைப் பார்த்து "சரி, இருந்துவிட்டுப் போ" என்று விட்டுவிடுகிறது.

அடுத்தது பொம்மை, அவர்கள் பாஷையில் டெக்காய். இது ஒன்றும் பிளாஸ்டிக் காலத்துத் தந்திரம் இல்லை. பழகிய மானைக் கட்டி வைத்துக் காட்டு மானை இழுக்கும் வழி சங்க காலத்திலேயே இருந்தது. அந்த மானுக்குப் பார்வை என்றே பெயர். கூண்டில் கவுதாரியை வைத்துக் காட்டுக் கவுதாரியைப் பிடித்ததும் அதே கணக்குதான்.

வில்லாளி வைக்கும் முறையைப் பாருங்கள். கூடாரத்திலிருந்து ஏழெட்டு கஜத்தில் ஒரு பெட்டைப் பொம்மை. பக்கத்தில் ஒரு வயசு விடலைச் சேவல் பொம்மை, முகம் கூடாரத்தைப் பார்த்தபடி. பெரிய சேவல் வந்ததும் அதன் கண்ணுக்குத் தெரிவது, தன் ஏரியாவில் ஒரு பொடியன் ஒரு பெட்டையோடு நிற்கிறான் என்பதுதான். நேராகப் பொடியனின் முகத்துக்கு முன்னால் போய் நின்று தோகையை விரிக்கும். பொடியன் கூடாரத்தைப் பார்த்து நிற்பதால் சேவலின் முதுகு கூடாரத்துக்கு வரும். விரித்த தோகை அதன் கண்ணையே மறைக்கும். நாணை இழுக்க அந்த இரண்டு மூன்று விநாடிதான் நேரம். நாடகத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி, ஒரு பொம்மையைத் திருப்பி வைத்து ஒரு காட்டுப் பறவை நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். இதை முதலில் யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு சல்யூட்.

இப்போது எதிர்க்கட்சி. அமெரிக்கத் தெற்கில் ஒரு பழைய பரம்பரை இருக்கிறது. அலபாமாக்காரர் டாம் கெல்லி 1973-ல் எழுதிய "டென்த் லீஜன்" என்ற புத்தகத்தை அவர்கள் வேதம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் பலருக்கு வான்கோழி வேட்டை என்றால் மரத்தடி, கூவல், பொறுமை, அவ்வளவுதான். சேவல் உன் குரலை மட்டும் நம்பி வர வேண்டும். பொம்மை வைத்தால் பாதி வேலையை பொம்மை செய்துவிடுகிறது. கூடாரத்துக்குள் இருந்தால் அசையாமல் இருக்கும் தவமும் போய்விடுகிறது. பறவைக்கு ஒரு நியாயமான வாய்ப்பு வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

துப்பாக்கிக்காரரைப் பார்த்துக் கேட்டால் நானும் அவர்கள் பக்கம்தான். அறுபது கஜத்தில் விழுத்தும் ரவையும் வைத்துக்கொண்டு, பொம்மையும் கூடாரமும் எதற்கு? ஆனால் இதே கேள்வியை வில்லாளியிடம் கேட்கும்போது கணக்கு மாறுகிறது. காரணம் குறி தப்பும் அம்பு.

பத்து கிலோ சேவல் தோகை விரித்து நின்றால் ஒரு பெரிய பந்து மாதிரி தெரியும். அதில் முக்கால்வாசி இறகு. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு ஆரஞ்சுப்பழம் அளவு. பக்கவாட்டில் நின்றால் சிறகு உடம்போடு சேரும் இடம், முதுகு காட்டி நின்றால் தோகையின் அடி, முகம் காட்டினால் தாடிக்குச் சற்று மேலே, என்று கோணத்துக்குக் கோணம் குறி மாறும். இரண்டு அங்குலம் தள்ளிப் போனால் அம்பு இறகை மட்டுமோ, அதைவிட மோசமாகக் குடலையோ துளைத்துவிட்டுப் போகும். அடிபட்ட மான் நிலத்தில் ரத்தத் தடம் விடும், தொடர்ந்து போகலாம். வான்கோழியின் இறகு ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். பறந்து போனால் தடமே இருக்காது. எங்கேயோ ஒரு புதருக்குள் போய் இரண்டு நாள் கழித்துச் சாகும், இல்லையென்றால் கொயோட்டி வந்து முடித்துவைக்கும். கழுத்தை மட்டும் குறிவைக்கும் அகல பிளேடு அம்புமுனைகளும் உண்டு, பட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது, தப்பினால் பறவைக்கு ஒன்றுமில்லை. ஆனால் வான்கோழியின் தலை ஒரு விநாடி நிற்காது.

எட்டு கஜத்தில், பொம்மையை முறைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கும் பறவைக்கும், இருபத்தைந்து கஜத்தில் சந்தேகத்தோடு நடந்துகொண்டிருக்கும் பறவைக்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான். முதலாவது கிட்டத்தட்ட நிச்சயமான சாவு. இரண்டாவது சூதாட்டம். கூடாரம் இருந்தால் சிறகை மடக்கி அது சரியான கோணத்துக்குத் திரும்பும் வரை காத்திருக்கலாம், வரவில்லை என்றால் விட்டுவிடலாம். மரத்தடியில் வில்லோடு உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை; பார்த்துவிட்டது, ஓடப்போகிறது, விடு அம்பை என்று கை பரபரக்கும்.

கூடாரம் இல்லாமல் வில்லால் அடித்தால்தான் வீரம் என்கிறவர்கள் அந்த வீரத்தின் விலையை யார் கட்டுகிறார் என்று பார்ப்பதில்லை. எகனாமிக்ஸ் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒன்று சொல்லித் தருவார்கள்: லாபம் ஒருத்தருக்கு, செலவு அந்தப் பேரத்தில் இல்லாத இன்னொருத்தருக்கு. வேட்டைக்காரருக்குச் சவால், சுவாரசியம், ஊரில் பெயர். குடலில் அம்போடு பறப்பது பறவை. "நியாயமான வாய்ப்பு" என்பது தப்பிப் போகிற வாய்ப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அரைகுறையாகச் சாகிற வாய்ப்பையும் அந்தக் கணக்கிலேயே எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக எல்லாத் தந்திரமும் சரி என்று சொல்ல வரவில்லை. ரீப்பிங் என்று ஒன்று இருக்கிறது. சேவலின் நிஜத் தோகையையோ, தோகை விரித்த பொம்மையையோ முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வயல்வெளியில் தவழ்ந்தே சேவலை நோக்கிப் போவது. எதிரி வருகிறான் என்று சேவல் சண்டைக்கு ஓடி வரும், சில சமயம் ஐந்தாறு எட்டு வரை. பார்க்கப் படு தமாஷாக இருக்கும். ஆனால் பச்சைச் சட்டை போட்ட ஆள் ஒருத்தர் வான்கோழித் தோகைக்குப் பின்னால் தவழும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு இருக்கும் இன்னொருத்தருக்கு என்ன தெரியும்? வான்கோழித் தோகைதான் தெரியும். வான்கோழித் தலையின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளாதே என்று பாடம் நடத்தும் வேட்டையில் இது கொழுப்பு. டென்னசி மாநிலம் தன் பொது வேட்டை நிலங்களில் இதைத் தடை செய்திருப்பது சரியே.

தந்திரத்துக்குக் கோடு போடுவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. வாத்து வேட்டையில் உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து இழுப்பதை 1935-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டு வான்கோழியை வரவழைப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். கோடு போட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த இடத்தில் என்பதுதான் பிரச்சினை.

இனி எங்கள் டிபார்ட்மெண்ட்.

காடு வெட்டியது, சந்தைக்காகக் கொன்று விற்றது, இரண்டும் சேர்ந்து 1930-கள் வாக்கில் அமெரிக்காவில் காட்டு வான்கோழி ஏறக்குறைய 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. பல மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. அப்போது அரசாங்கங்கள் செய்த முதல் வேலை, பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டது. பல வருடம், பல லட்சம் டாலர். விட்ட குஞ்சுகள் நரிக்குச் சாப்பாடானதுதான் மிச்சம். 1951-ல் தென் கரோலினாவில் வாத்து பிடிக்கும் பீரங்கி வலையை வான்கோழி மேல் வீசிப் பார்த்தார்கள். தீனி போட்டுக் கூட்டம் சேர்ந்ததும் வலை பறந்து வந்து மூடும். காட்டுப் பறவையை உயிரோடு பிடித்து இன்னொரு காட்டில் விட முடிந்தது. அதுதான் திருப்பம். தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு ஆரம்பித்த 1973-ல் எண்ணிக்கை 13 லட்சம். 2000-களின் தொடக்கத்தில் 65 லட்சத்தைத் தாண்டியது. இன்று அலாஸ்காவைத் தவிர 49 மாநிலங்களிலும் வான்கோழிப் பருவம் உண்டு.

காசு எங்கிருந்து வந்தது? 1937-ஆம் வருடத்துப் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கிக்கும் ரவைக்கும் 11 சதவீத கலால் வரி. அதை உற்பத்தியாளரிடமே வசூலித்து, மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். திட்டச் செலவில் முக்கால் பங்கு வரைக்கும் மத்திய அரசு, மீதி மாநிலம். வாங்குகிற மாநிலம் தன் வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பது நிபந்தனை. நம் ஊரில் ஒரு காரணம் சொல்லிச் செஸ் போட்டுவிட்டுப் பணம் எங்கே போனது என்று தணிக்கைக்காரர்கள் தேடும் கதையோடு ஒப்பிட்டால் பொறாமையாக இருக்கிறது. 1972-ல் திருத்தம் கொண்டுவந்து வில்லையும் அம்பையும் சேர்த்தார்கள். வில்லில் வருவதில் பாதி வேட்டைக் கல்விக்கும் பயிற்சித் தளங்களுக்கும் போகிறது.

இதை வைத்து வேட்டைக்காரர்கள் "எங்கள் காசில் வந்த பறவை" என்பார்கள். ஓரளவு நியாயம். ஆனால் அந்த வரிப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வில், அம்பு, அம்புமுனை, அம்புக்கூடு எல்லாம் உண்டு. கூடாரம் இல்லை. பொம்மை இல்லை. கூவல் கருவியும் இல்லை. இந்த வேட்டையில் வெற்றியைத் தீர்மானிக்கும் மூன்று சாமான்களும் வரிக்கு வெளியே நிற்கின்றன. 1937-லும் 1972-லும் இவ்வளவு பெரிய சந்தை இதற்கு வரும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இன்று நூற்றுக்கணக்கான டாலருக்கு ஒரு கூடாரம், நூறு டாலருக்கு மேல் ஒரு பொம்மை விற்கிறது. அதே 11 சதவீதத்தை இதன் மேலும் போடலாம் என்பது என் கருத்து. கூடாரத்தைத் தடை செய் என்று கத்துவதைவிட அதனிடம் வரி வாங்குவது பறவைக்கு உருப்படியான உதவி.

அப்புறம் அந்தத் தேதி விஷயம். உச்சத்துக்குப் போன எண்ணிக்கை பிறகு தெற்கிலும் நடுமேற்கிலும் பல இடங்களில் இறங்கிவிட்டது. கன்சாஸ் 2023-லிருந்து இலையுதிர்கால வான்கோழி வேட்டையையே நிறுத்திவைத்தது. காரணம் என்ன என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒப்புதல் இல்லை. முட்டையிட நல்ல புல்வெளி குறைந்தது, ராக்கூன் மாதிரித் திருடர்கள் பெருகியது, மழை, நோய் என்று பட்டியல் போகிறது. அதில் ஒன்றை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் தொடர்ந்து சொல்லி வருகிறார். சேவல்களுக்குள் பெரிய அண்ணன், சின்னத் தம்பி என்று படிநிலை உண்டு. இணை சேர்வதில் பெரும்பங்கு பெரிய அண்ணனுக்கு. பெட்டைகள் முட்டையிடத் தயாராகும் முன்பே அவனைச் சுட்டுவிட்டால் அந்த ஏற்பாடு குலையும், ஆகவே வேட்டையைக் கொஞ்சம் தாமதமாக ஆரம்பியுங்கள் என்கிறார்.

பொம்மைக்குப் பாய்ந்து வருவது யார்? அதே பெரிய அண்ணன்தான். அடிவாங்கிப் பழகிய தம்பிகள் விடலைப் பொம்மையைப் பார்த்தே பின்வாங்குவது உண்டு. அலபாமா இதை யோசித்து 2022 வசந்தத்தில் வேட்டையைத் தள்ளிவைத்தது, முதல் 10 நாள் டெக்காய் கூடாது என்றும் சொன்னது. நோக்கம் சரி. ஆனால் அந்த விதி வில்லையும் துப்பாக்கியையும் ஒரே தராசில் வைக்கிறது. முதல் வாரம் வில்லோடு போகிறவர் பொம்மை இல்லாமல் தூர அம்பு விடத் தூண்டப்படுவார். அடிபட்டுத் தொலையும் பறவை எந்தக் கணக்கிலும் ஏறாது.

சமவெளி மாநிலங்களில் இதற்கு நேர் எதிர்க் கூத்து. நெப்ராஸ்காவில் 2024-ல் வில்லுக்கு மார்ச் 25, துப்பாக்கிக்கு ஏப்ரல் நடுவில். கன்சாஸில் அதே வருடம் வில்லுக்கு ஏப்ரல் 1, பொதுவான துப்பாக்கிப் பருவம் இரண்டு வாரம் கழித்து. வில்லாளி பாவம், ஒன்றும் விழாது, முதலில் போகட்டும் என்ற பழைய இரக்கம். அந்த இரக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. விஸ்கான்சின் 1934-ல் வில்லுக்கென்று மான் பருவம் திறந்தபோது வில் என்றால் மரவில். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு மிசௌரிக்காரர் ஹோலிஸ் வில்பர் ஆலன் காப்புரிமை வாங்கியதே 1969-ல். பாப்-அப் கூடாரமும் நிஜ இறகு செருகிய பொம்மையும் இன்னும் பிந்தி வந்தவை. ஆயுதம் மாறிவிட்டது, சலுகை மாறவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், நோஞ்சான் கம்பெனிக்குக் கொடுத்த மானியத்தை அது லாபத்துக்கு வந்த பிறகும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

வில்லாளிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். துப்பாக்கியில் விழுவதோடு ஒப்பிட்டால் நாங்கள் அடிப்பது கொசுறு, எங்களைத் தள்ளிவைத்து என்ன ஆகப்போகிறது? எண்ணிக்கையில் கொசுறுதான். ஆனால் ஒரு பண்ணை வயலில் ஒரே ஒரு பெரிய அண்ணன் இருக்கும்போது, மார்ச் கடைசியில் அவனை எடுத்தால் அந்த வயலுக்கு அது கொசுறு இல்லை. எல்லா மாநிலமும் இப்படி இல்லை என்பதும் உண்மை. பல இடங்களில் வில்லுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே நாள்தான். அங்கே எனக்கு வழக்கு இல்லை.

ஆக நெப்ராஸ்காவின் தேதியை என் கையில் கொடுத்தால், வில்லையும் துப்பாக்கியையும் ஏப்ரல் நடுவில் ஒரே நாளில் திறந்துவிடுவேன். பொம்மைக்குக் கட்டுப்பாடு துப்பாக்கிக்காரருக்கு மட்டும். வில்லாளி அதே கூடாரம், அதே நாற்காலி, அதே விடலைப் பொம்மையோடு மூன்று வாரம் தாமதமாக வந்து உட்காரட்டும். எட்டு கஜத்தில் வந்து நிற்கப்போவதும் அதே சேவல்தான். பிளாஸ்டிக் பெட்டையை நம்பி வருவதற்கு முன்னால் நாலைந்து நிஜப் பெட்டைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கும், அவ்வளவுதான்.